பெங்களூரில் இருக்கிற கோகிலா

எஸ்ஸா, நோவா, மாட்யூலா என்று திரை கேட்டுக்கொண்டே இருக்கிறது, நான் என்டரைத் தட்டிக்கொண்டே இருக்கிறேன், மெதுவாக, விரல் நுனியால், கீபோர்டு சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாதே என்று. ஹாலில் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். என் தங்கை தாரணியைப் பெண் பார்க்க உடுமலையிலிருந்து வந்திருக்கிறார்கள். நான் பெங்களூரில் இருக்கிறேன். அதாவது அவர்களுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறது. உண்மையில் ஹாலுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கதவு, கதவுக்கு இந்தப் பக்கம் கட்டிலின் மேல் நைட்டியோடு சம்மணம் போட்டுக்கொண்டு, மடியில் லேப்டாப்பும் பக்கத்தில் கம்பெனி சர்க்யூட் போர்டுமாக, கோயமுத்தூர் கணபதியில் எங்கள் சொந்த வீட்டில் ஒளிந்துகொண்டிருக்கிறேன். இந்த வயசில். தலையில் நரை எட்டிப் பார்க்கிற வயசில். நூல் மில் மெஷின்களுக்குக் கன்ட்ரோல் பெட்டி செய்கிற கம்பெனியில் எனக்கு வேலை. இத்தனை வருஷம் ஒரே வகை ப்ராசஸரை வைத்து ஓட்டினோம், இப்போது வேறு வகைக்கு மாறுகிறோம். ஆர்க்கிடெக்சர் மாறினால் கர்னலைப் புதிதாகக் கட்டணும். மெஷின் கண் விழித்ததும் முதலில் எழுந்து மற்றதையெல்லாம் எழுப்பிவிடுகிற புரோகிராம்தான் கர்னல், அதைக் கட்டுவதற்கு முன்னால் அது நம்மைக் கேட்கிற கேள்விகள் இருக்கிறதே, சம்பந்தம் பேச வந்தவர்கள் தோற்றார்கள். இந்த வசதி இருக்கணுமா, அந்த வசதி இருக்கணுமா. எஸ் என்றால் உள்ளேயே சேர்த்துக் கட்டிவிடும். நோ என்றால் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. மாட்யூல் என்றால் தனியே எடுத்து வைத்துவிடும், தேவைப்படும்போது கூப்பிட்டுக்கொள்ளலாம், தேவை முடிந்ததும் அனுப்பிவிடலாம். எது உத்தமம் என்று அதுவே பெரிய எழுத்தில் ஒன்றைக் காட்டும், யோசிக்கச் சோம்பலாக இருந்தால் என்டரைத் தட்டினால் போதும், அது காட்டியதே நம் பதில். நான் யோசிக்கவில்லை. என் காது ஹாலில் இருக்கிறது.

யாரும் என்னை ஒளியச் சொல்லவில்லை, அதுதான் கேவலம். தரகர் ஃபோனில் அம்மாவிடம், அவங்க கொஞ்சம் பழைய மாதிரி குடும்பம், வீட்ல வேற ஏதும் பிரச்சனை இல்லீங்களே என்று கேட்டாராம். அம்மா அதை என்னிடம் சொல்லவில்லை, சாம்பாருக்குப் பருப்பைக் கடைந்துகொண்டே சும்மா அப்பாவிடம் சொல்வது மாதிரி சொன்னாள், நான் பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். நான்தான் சொன்னேன், அக்கா பெங்களூர்ல வேலைன்னு சொல்லிருங்கம்மா, அன்னைக்கு நான் ஆபீஸ் போயிடறேன் என்று. பெரிய தியாகி. அம்மா, சேச்சே, அதெல்லாம் எதுக்குக் கண்ணு என்றாள். ஒரு தடவை சொன்னாள். நான் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை சொல்வாள் என்று அங்கேயே நின்றேன். அம்மா பருப்பில் உப்புப் போட்டாள். அப்பா பேப்பரைத் திருப்பினார். தாரணி சாப்பிடுகிற மேஜையில் இருந்தாள், தட்டைப் பார்த்துக்கொண்டு, வாயே திறக்கவில்லை, அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதும் இல்லை. சரி, அவளுக்கும் இதுதான் நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன். அவள் வாழ்க்கை, அதை அவள் பார்த்துக்கொண்டால் தப்பா? இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமையானாலும் ஆபீஸுக்குப் போய் உட்கார்ந்து இந்தக் கர்னல் பில்டை முடிக்கலாம் என்றுதான் இருந்தேன், இவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து கேட்டில் காரை நிறுத்திவிட்டார்கள். நான் பல் விளக்கிவிட்டு வந்து நிற்கிறேன், தலையைக்கூட வாரவில்லை. அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, வந்துட்டாங்க என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நானாகவே இந்த ரூமுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அப்புறம் கதவு கொஞ்சமாகத் திறந்து, அம்மாவின் கை மட்டும் உள்ளே வந்தது, கையில் என் செருப்பு. வாசலில் கிடந்ததை எடுத்து நியூஸ் பேப்பரில் சுற்றியிருந்தாள். கீழே வைத்துவிட்டுக் கை போய்விட்டது. இதோ கட்டில் காலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது, பார்க்கவே கூடாது என்று திரையைப் பார்க்கிறேன், நோ, நோ, எஸ், நோ, அந்தக் கையில் வளையல்கூடச் சத்தம் போடவில்லை, எப்படிப் பிடித்துக்கொண்டாளோ.

ஹாலில் சிரிப்பு. மாப்பிள்ளையின் அம்மா நன்றாகப் பேசுகிறவராகத் தெரிகிறது, குரலில் ஒரு உரப்பு, நம்மூர்ப் பெண்பிள்ளைகள் சந்தையில் பேசுகிற மாதிரி தயங்காத குரல். கேசரியில் முந்திரி தாராளமா இருக்குதுங்க என்கிறார். அம்மா ரொம்பச் சந்தோஷப்பட்டு ரொம்ப நேரம் பதில் சொல்கிறாள். என்னைப் பெண் பார்க்கப் பெருந்துறையிலிருந்து வந்தபோதும் கேசரிதான். மோகனசுந்தரம் அன்றைக்கு அதைத் தொடவே இல்லை, இனிப்பு ஒத்துக்காதுங்க என்றான். அவனைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல என்னிடம் எதுவும் கிடையாது. எல்லாரும் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். அடிச்சானா? நோ. குடிச்சானா? நோ. வேற பொம்பளை? நோ. மாமியார் கொடுமை? அட, அந்த அம்மா எனக்குத் தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிடுவார். பின்னே என்னதான்டி உனக்குக் கேடு என்று சித்தி கேட்டாள். அந்த வீட்டில் வாழப் போனதிலிருந்து ஒரு நாள்கூடச் சத்தமாகச் சிரிக்கவில்லை என்று ஒரு மத்தியானம் துணி மடிக்கும்போது கவனித்தேன். அவனை விட்டு வந்ததற்கு அவ்வளவுதான் காரணம். இதை எந்த வக்கீலிடம் சொல்ல? எந்தச் சித்தியிடம்? சாப்பிட்டாயா, தூங்கலாமா, ஃபேனைக் குறைக்கட்டுமா, இதற்கு மேல் அவனும் பேசமாட்டான், எனக்கும் பேச எதுவும் தோன்றாது. ஒரு அடி வாங்கியிருந்தால் இன்றைக்கு நான் ஹாலில் உட்கார்ந்திருப்பேனோ என்று சில நாள் நினைப்பு ஓடும். பாவம் அந்தப் பெண், என்ன பாடுபட்டுச்சோ என்று எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள். இப்படி நினைக்கிறேனே, எனக்கு வெட்கமே இல்லையா. அடி வாங்குகிறவர்கள் கேட்டால் காறித் துப்புவார்கள். திரையில் ஏதோ கேள்வி நிற்கிறது, சீரியல் போர்ட் என்கிறது, மாட்யூல் என்று தட்டிவிட்டு அடுத்ததற்குப் போகிறேன்.

கேள்விகள் முடிந்தன. பில்ட் ஓட ஆரம்பித்துவிட்டது, எழுத்துகள் திரையில் ஏறிப் போய்க்கொண்டே இருக்கின்றன, இனி எனக்கு வேலை இல்லை, அதுதான் ஆபத்து. லேப்டாப் ஃபேன் உறுமுகிறது. போர்வையை எடுத்து அதைச் சுற்றி அணைகட்டி வைத்தேன், இன்னும் சூடாகி இன்னும் உறுமியது, போர்வையை எடுத்துவிட்டேன். பாத்ரூம் போகவேண்டும். பாத்ரூம் ஹாலைத் தாண்டி இருக்கிறது. இதை யோசிக்கவே இல்லை பார், பெரிய இன்ஜினியர், கர்னலுக்கு ஒவ்வொரு வாசலையும் யோசித்துப் போடுகிறவள். காலை மடக்கி உட்கார்ந்தேன். கட்டில் முனகியது. மூச்சை நிறுத்தினேன். வெளியே பேச்சு நிற்கவில்லை, அப்பா உடுமலைத் தோட்டத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவருக்குத் தோட்டத்தைப் பற்றி எல்லாம் தெரியும் என்பதுபோல, இவர் வாழ்நாளெல்லாம் போஸ்ட் ஆபீஸில் முத்திரை குத்தியவர். அப்பாவைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. நான் பெட்டியோடு பெருந்துறையிலிருந்து வந்து இறங்கினபோது எதுவும் கேட்காமல் ஆட்டோவிலிருந்து பெட்டியை எடுத்து உள்ளே வைத்தவர். அந்தப் பெட்டியை எடுத்த அப்பாதான் இன்றைக்கு, பெரியவ பெங்களூர்ல இருக்கறாளுங்க என்று நல்ல தெளிவான குரலில் சொன்னார். ஒரு துளி தடுமாறவில்லை. அவருக்கு அவ்வளவு பழக்கம் எங்கிருந்து வந்தது? கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்திருப்பாரோ. தாரணி என்ன புடவை கட்டியிருக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது. அவளுக்கு மடிப்பு வைக்க வராது, ஸ்கூல் ஆண்டு விழாவிலிருந்து நான்தான் குனிந்து குனிந்து மடிப்பு எடுத்துக் கொடுப்பேன், இன்றைக்கு யார் எடுத்தது. ஒருவேளை பின் குத்தியிருப்பாள். கிளினிக்கில் எத்தனையோ பேருக்குக் கை கால் நீட்டிவிடுகிற பிசியோதெரபிஸ்ட், தன் புடவைக்குப் பின் குத்திக்கொண்டு, தலையைக் குனிந்து, அவளும் என்னை நோ என்று சொல்லிவிட்டு அங்கே உட்கார்ந்திருக்கிறாள். இருக்கட்டும். அவள் நன்றாக இருந்தால் போதும். இது நிஜமாகவே நான் நினைக்கிறதா, இல்லை அழகாக இருக்கிறதே என்று சொல்லிக்கொள்கிறதா, எனக்கே புரியவில்லை.

பில்ட் முடிந்தது. புதுக் கர்னலைப் போர்டில் ஏற்றியாயிற்று. கரன்ட் கொடுத்ததும் போர்டு ஒரு தடவை கத்தும், அது அதன் வழக்கம், மில் இரைச்சலில் ஆளுக்குக் கேட்கணுமே என்று நாங்களே நல்ல பஸ்ஸராகப் பார்த்துப் போட்டது. அதனால் தலையணையை மேலே அழுத்தி, முழங்கையை ஊன்றிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். தலையணைக்குள் ஏதோ பூனைக்குட்டி மாதிரி ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். அப்பாடா. தலையணையை எடுத்தேன். வழக்கமாக இந்த நேரம் போர்டு பேச ஆரம்பிக்கும், நான் இன்னார், எனக்கு இவ்வளவு மெமரி, இதைக் கண்டேன் அதைக் கண்டேன் என்று லேப்டாப் திரையில் மளமளவென்று வரி வரியாகக் கொட்டும், முதல் வரி வரும்போது எங்கள் எல்லாருக்குமே வயிற்றில் ஒரு குளிர்ச்சி. ஒன்றும் வரவில்லை. கறுப்புத் திரை. போர்டின் மூலையில் பச்சை விளக்கு மட்டும் சீராக மினுக்கிக்கொண்டிருக்கிறது, அப்படி மினுக்கினால் கர்னல் உயிரோடு ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஓடுகிறது, பேசவில்லை. அப்போதுதான் உறைத்தது, சீரியல் போர்ட். போர்டு பேசுகிற வாய் அது. அதை எஸ் போட்டு உள்ளேயே கட்டியிருக்கணும், நான் மாட்யூல் போட்டுத் தனியே எடுத்து வைத்துவிட்டேன், கண் விழித்துப் பேச வேண்டிய நேரத்தில் வாய் உள்ளே இல்லை. காலேஜ் முடித்து வருகிற பிள்ளைகள் செய்கிற தப்பு. எத்தனை வருஷம் வேலை பார்த்து என்ன, என்று என் மேலேயே எரிச்சல் வந்து, எரிச்சலில் கை தானாகப் போய் ரீசெட் பட்டனை அமுக்கியது. திரை ஊமையாக இருந்தால் ரீசெட், அது எங்கள் எல்லாருக்கும் ஊறிப்போன பழக்கம், புத்தி கைக்கு எட்டுவதற்குள் விரல் அமுக்கிவிடும். தலையணை அந்தப் பக்கம் கிடந்தது.

பீப் என்று வீடு முழுக்கக் கேட்டது. ஹாலில் பேச்சு நின்றது. தம்ளரைத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது. நான் போர்டின் மேல் இரண்டு கையையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், இனிமேல் பொத்தி என்ன பிரயோஜனம். மாப்பிள்ளையின் அம்மா, உள்ள யாராச்சும் இருக்கறாங்களா என்று கேட்டார், சந்தேகமாகக்கூட இல்லை, சாதாரணமாக. அப்பா, யாருமில்லீங்க, இன்வர்ட்டர் என்றார். பேட்டரிக்குத் தண்ணி ஊத்தோணும், ஆளு வரேன் வரேன்னு ஏமாத்தறான் என்றார். அம்மா, ஆமாங்க, ராத்திரியெல்லாம் இப்படித்தான் கத்துது என்று சேர்த்துக்கொண்டாள். முகம் சுட்டது எனக்கு, காது மடல்வரை சுட்டது. அழுகைகூட வரவில்லை. சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன். மூன்று வருஷமாக இந்த வீட்டு கரன்ட் பில்லைக் கட்டிக்கொண்டு, அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க்கொண்டு, ராத்திரியெல்லாம் கத்திக்கொண்டு இருக்கிறேன். என் மேல் இவர்களுக்குப் பாசம் இல்லாமல் இல்லை, அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் இன்னும் எரிகிறது. நான் எடுத்துக் கொடுத்த பொய்தானே. நான் ஒரு நூல் கொடுத்தேன், அவர்கள் தறி நெய்கிறார்கள். யாரைக் கோபித்துக்கொள்ள?

பையன் பேசினான். அவன் பெயர் சிபி என்று தெரியும், இதுவரை அவன் குரலையே கேட்கவில்லை. உங்க பெரிய பொண்ணு பெங்களூர்ல எந்த ஏரியாங்க, நானும் அங்கதான் இருக்கேன் என்றான். அப்பா, அது, எலக்ட்ரானிக் சிட்டி தாண்டி என்றார். அட, எனக்கும் ஆபீஸ் அங்கதாங்க, கம்பெனி பேர் என்னங்க, நம்பர் குடுத்தீங்கன்னா ஒரு நாள் பாத்துட்டே வந்தர்றேன் என்றான். நல்ல பையன். தாண்டி என்று சொன்னவருக்கு எதைத் தாண்டிப் போவது என்று தெரியவில்லை, அப்பா இருமினார், அம்மா இன்னும் கொஞ்சம் மிக்சர் வெச்சுக்கங்க என்றாள். இப்போது நாற்காலி நகர்கிற சத்தம், புடவைச் சலசலப்பு. தாரணியின் குரல் என்று முதலில் எனக்குப் புரியவில்லை, அவ்வளவு நிதானமாக இருந்தது.

"அக்கா பெங்களூர்ல இல்லீங்க. இந்த ரூம்லதான் இருக்கா. வீட்டுக்காரரை விட்டுட்டு வந்து மூணு வருஷம் ஆகுது. உங்ககிட்ட மறைச்சிட்டோம். அன்னைக்கே வேண்டாம்னு சொல்லியிருக்கணும், எனக்கு வாய் வரல."

அம்மா, தாரணி என்றாள், அதற்கு மேல் அவளாலும் முடியவில்லை. தாரணியைப் போய், தட்டைப் பார்த்துக்கொண்டு சம்மதித்தாள் என்று இத்தனை நாள் நான் நினைத்திருந்தேனே. வெட்கப்பட்டுக்கொண்டல்லவா உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டாளே, பைத்தியக்காரி, நல்ல பையன், நல்ல குரல், எனக்காகக் கெடுத்துக்கொண்டாளே என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சொல்லவே கூசுகிறது, உள்ளே குளிர்ந்துபோகிற மாதிரி ஒரு சந்தோஷம். அப்போது அந்த அம்மா பேசினார், சந்தைக் குரல் இல்லை இப்போது.

"அதுக்கென்ன கண்ணு. எங்க நாத்தனாரும் அப்படி வந்து இருக்கறவதான். கூட்டிட்டு வா, பாக்கறோம்."

கூட்டிட்டு வா. அவ்வளவுதான் கேட்டார். நான் எழுந்து கதவைத் திறந்தால் போதும். நைட்டியோடு இருந்தால் என்ன, துண்டைப் போட்டுக்கொள்ளலாம், தலையைக் கையால் ஒதுக்கிக்கொள்ளலாம், வாங்க என்று கும்பிடலாம், பாத்ரூம் போய்விட்டுக்கூட வரலாம், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். தாரணியின் காலடி கதவை நோக்கி வருகிறது. எழு என்கிறேன் எனக்கு. கால் வரவில்லை. இவ்வளவு நேரம் உள்ளே இருந்துவிட்டு, இன்வர்ட்டராக இருந்துவிட்டு, எப்படிப் போய் நிற்பது? எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த அம்மா அன்பாகப் பார்ப்பார், அதை எப்படித் தாங்குவது. அப்பா முகத்தை எங்கே வைத்துக்கொள்வார். ஏம்மா உள்ள உக்காந்திருந்தே என்று ஒருத்தர் கேட்டால், நான்தாங்க சொன்னேன் என்று சொல்லவேண்டி வரும். தாரணி கதவைத் தட்டினாள். அக்கா, வா என்றாள். தாழ்ப்பாள் போடவில்லை, தள்ளினால் திறந்துவிடும், ஆனால் தள்ளாமல் நிற்கிறாள், நானே திறக்கணும் என்று நிற்கிறாள். என் கை கட்டிலுக்குப் பக்கத்து மேஜைமேல் கிடந்த ஹெட்ஃபோனை எடுத்துத் தலையில் மாட்டியது. வாய் திறந்தது. "ஹலோ, சொல்லுங்க, கேக்குது" என்றேன், சத்தமாக, ஹால் வரைக்கும் கேட்கிற மாதிரி. "சீரியல் போர்ட்தான் பிரச்சனை. மாட்யூலா போட்டுட்டோம். ஆமா, அர்ஜென்ட்தான், புரியுது. இல்ல இல்ல, நான் கால்லயே இருக்கேன்." காதில் ஒன்றும் இல்லை, என் மூச்சுதான் திரும்பித் திரும்பிக் கேட்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் தாரணி அசையவில்லை. நான் இன்னும் சத்தமாகப் பேசினேன். மெமரி சரியா இருக்கு என்றேன். கன்சோல் மட்டும்தான் என்றேன். யாரோ கேள்வி கேட்பதுபோல நடுவில் நிறுத்தி, ம், ம் என்று சொல்லிக்கொண்டேன். அந்த அம்மா, வேலைல இருந்தா விட்டுரு கண்ணு, ஞாயித்துக்கெழமைலயும் பாவம் என்று சொன்னது கேட்டது. அதற்கும் நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் பொய் என்று தெரிந்துவிடும். புது பில்ட் போடறேன், வெச்சிராதீங்க என்றேன். நாற்காலிகள் நகர்ந்தன. வீட்ல கலந்து பேசிட்டு ஃபோன் பண்றோமுங்க என்றார்கள், அப்பா சரிங்க சரிங்க என்றார். வாசலில் செருப்பு மாட்டுகிற சத்தம், கார்க் கதவுகள், கேட்டைச் சாத்துகிற சத்தம். நான் பேசிக்கொண்டே இருந்தேன், தொண்டை வறண்டு, கண்ணில் நீர் வழிய, சொன்னதையே திரும்பச் சொல்லி, மாட்யூலா போட்டுட்டோம், மாட்யூலா போட்டுட்டோம் என்று.

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தாரணி தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அவங்க போயிட்டாங்கக்கா. ஃபோனை வெச்சிரு."

ஓகே, தேங்க் யூ, அப்புறம் பேசறேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஹெட்ஃபோனைக் கழற்றினேன்.